வரிசையில் ஒரு செனட்டரின் மகள்

மெல்பேர்ன் புறநகரான டண்டினொங்கில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் கன்ரீனில் எங்களுக்குத் தேநீர் ஊற்றிய பெண்மணி, அமெரிக்காவில் ஒரு கவர்னரின் பேத்தி; ஒரு செனட்டரின் மகள்; அங்கே கீழ்ச்சபையில் உறுப்பினராக இருந்த ஒருவரின் அக்கா. இது எனக்குத் தெரியவர அரை வருடம் எடுத்தது. தெரிந்த அன்றே என் புத்தி கோணல் வழியில் ஓடத் தொடங்கியது.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. நான் யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக மெல்பேர்னுக்கு வந்து, அந்தத் தொழிற்சாலையில் இயந்திர வரைபடம் வரைந்துகொண்டிருந்தேன். மனைவியும் மூன்று வயது மகளும் ஊரில் இருந்தார்கள். ஆறு மாதத்தில் கூப்பிட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறியவன் நான். ஒன்றரை வருடமாகியும் அவர்களுக்கு விசா கிடைக்கவில்லை. மனைவிக்குச் சின்ன வயதில் காசநோய் வந்து மாறியிருந்தது. அதன் தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் கோப்பு எந்த மேசையில் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கடிதம் எழுதிக் கேட்டால் 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு வரியில் பதில் வரும். என் புகைப்படத்தைக் காட்டினால் மகள் 'மாமா' என்று சொல்கிறாள் என மனைவி எழுதியிருந்தாள். அந்தக் கடிதம் வந்த நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கன்ரீன் பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். உயரம். கைகள் மட்டும் ஆண்பிள்ளையின் கைகள் மாதிரிப் பெரியவை. அவர் பேச்சில் அமெரிக்கா மணக்கும்; அதற்காக இளசுகள் அவரைச் சீண்டுவார்கள். அந்த நாட்டு ஜனாதிபதி பதவியைவிட்டு இறங்கிப்போன காலம் வேறு. "உங்கட ஆள் ஓடிப்போட்டான்" என்று கத்துவார்கள். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த கோப்பையை நிரப்புவார். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் இத்தனை வருடத்தில் அது என் காதுக்குள் யாழ்ப்பாணத் தமிழாகவே மாறிவிட்டது. அதையே எழுதுகிறேன்.

அவருடைய மேலங்கியில் ஒரு பொத்தான் அறுந்து போயிருந்தது. அந்த இடத்தில் பழைய தகரச் சின்னம் ஒன்றைக் குத்தியிருப்பார். பெயின்ற் உரிந்த அந்தச் சின்னத்தில் மீசை வைத்த ஒரு கிழவரின் முகம். ஒருநாள் கூட்டம் இல்லாத நேரத்தில், ஆர் இந்த மனிதர் என்று கேட்டுவிட்டேன்.

"என்ரை தாத்தா. கவர்னர் தேர்தலுக்கு நிண்டவர்."

"வெண்டவரோ?"

"ரெண்டு தரம் வெண்டவர். மூண்டாந்தரம் சனம் வீட்டுக்கு அனுப்பிப்போட்டுது."

அதற்குப் பிறகு மதிய இடைவேளையில் கேட்டுக் கேட்டே முழுக் குடும்பத்தையும் அறிந்துகொண்டேன். அப்பா பதினெட்டு வருடம் செனட்டர். சித்தப்பா நீதிபதி. ஓர் அத்தை, காணி உறுதிப் பத்திரங்களைப் பதிகிற அலுவலகத்துக்குத் தேர்தலில் நின்று வென்றவர். அந்த ஊரில் அதற்கும் தேர்தல் உண்டாம். தம்பி கீழ்ச்சபையில். தாத்தா மூன்றாம் தடவை தோற்றதற்குக் காரணம் வீட்டு மருமகன். அவருக்கு ஒரு நீளமான வீதி போடும் ஒப்பந்தம் வேண்டியிருந்தது. தாத்தா அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். மருமகன் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டார். "அந்த வருசம் முழுக்க எங்கட வீட்டில பாதிப்பேர் பாதிப்பேரோட கதைக்கேல்லை. டிசம்பரில நத்தார்ச் சாப்பாட்டை ரெண்டு மேசையில வைச்சவை" என்றார் அவர், பெருமையாக. நான் வாயைப் பிளந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். வாயைப் பிளந்தேனே தவிர, கதையின் சாரம் மண்டைக்குள் போகவில்லை. செனட்டர், கவர்னர் என்ற சொற்கள் மட்டும்தான் போயின.

என்னைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. என் பெரியப்பா இரண்டு தடவை எம்.பி.யாக இருந்தவர். காலையில் அவருடைய வீட்டு விறாந்தையில் கால் வைக்க இடம் இருக்காது. பள்ளிக்கூட இடமாற்றம், தபால் கந்தோர் வேலை, ஆஸ்பத்திரிக் கட்டில், எல்லாவற்றுக்கும் அவருடைய கடிதம் வேண்டும். எங்கள் குடும்பத்தில் அரசாங்க உத்தியோகம் பார்த்த அத்தனை பேரும் அந்தக் கடிதத்தோடு போனவர்கள்தான். என் முதல் வேலையும் அப்படித்தான் கிடைத்தது. ஒரு காரியம் நடக்கவில்லையா, ஆளைப் பிடி. எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி அது.

ஸ்பிரிங்வேலில் என்னோடு ஒரே வீட்டில் குடியிருந்த ஊர் அண்ணை, ரயிலில் ரிக்கற் பரிசோதிக்கிறவர். அவரிடம் இதைச் சொன்னதும் துள்ளி எழுந்துவிட்டார்.

"தம்பி, கையில வெண்ணெயை வைச்சுக்கொண்டு நெய்க்கு அலைஞ்சிருக்கிறீர்! அமெரிக்க செனட்டர் வீட்டில இருந்து ஒரு கடிதம் வந்தா, இஞ்ச கன்பராவில இருக்கிறவன் கதிரையில இருப்பானோ?"

"அவையின்ரை நாடு வேறை, இது வேறை அண்ணை."

"நீர் சும்மா இரும். அமெரிக்கா இருமினா இவங்களுக்குத் தடிமன் வரும். மனுவை நான் ரைப் அடிச்சுத் தாறன்."

அடித்தும் தந்தார். இரண்டு பக்கம். 'கருணைக் கடலாகிய ஐயா அவர்களின் பொற்பாதங்களுக்கு' என்று தமிழில் எழுதுவதை ஆங்கிலத்தில் எவ்வளவு குனிந்து எழுதலாமோ அவ்வளவு குனிந்திருந்தார். அடுத்த சனிக்கிழமை நான் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, ஒரு தட்டத்தில் வாழைப்பழச் சீப்பு, ஊரிலிருந்து வந்த தேயிலைப் பெட்டி, முந்திரிப்பருப்பு எல்லாம் அடுக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். எம்.பி.யின் அக்கா வீட்டுக்கு வெறுங்கையோடு போகிற வழக்கம் எங்களிடம் இல்லை.

பலகை வீடு. சின்னது. அவருடைய கணவர் ஆஸ்திரேலியர், லொறி திருத்துகிறவர், அதிகம் பேசாத மனிதர். நடைவழிச் சுவரில் குடும்பப் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. மீசைக் கவர்னர், நீதிபதி அங்கியில் சித்தப்பா, கையைத் தூக்கிக்கொண்டு சத்தியப்பிரமாணம் செய்கிற அப்பா, தொப்பி போட்ட அத்தை, தம்பி. கடைசியாகச் சட்டம் போட்ட ஒரு தபாலட்டை; சிட்னிக் கடற்கரைப் படம். இவ்வளவு பெரிய மனிதர்களுக்குப் பக்கத்தில் இதற்கென்ன வேலை என்று நினைத்தேன்.

தட்டத்தைக் கண்டதும் அவருக்கு ஒரே சந்தோஷம். உங்கள் ஊரில் இன்றைக்கு ஏதும் பெருநாளா என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் வேலிக்கு மேலால் எட்டி, பக்கத்து வீட்டாரையும் எதிர்வீட்டாரையும் கூப்பிட்டுவிட்டார். நான் காரியத்துக்காகக் கொண்டுபோன பழத்தை முன்பின் தெரியாத ஆறு பேர் உரித்துத் தின்று, என் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போனபிறகு மனுவை நீட்டினேன். குசினி மேசையடியில் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் ஆறுதலாக வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இதை என்ரை தம்பிக்கு அனுப்ப ஏலாது."

"ஒரு வரி எழுதினாக் காணும்."

"எங்கட வீட்டில ஒரு கட்டளை இருக்கு. கதிரையில ஆர் இருந்தாலும் இரத்த உறவு அந்தக் கதவைத் தட்டக்கூடாது. தாத்தா போட்டது. எங்களுக்காகவும் தட்டக்கூடாது, எங்கட கூட்டாளிமாருக்காகவும் தட்டக்கூடாது."

"அமெரிக்காவில எல்லாரும் அப்பிடியோ?"

"எல்லாரும் எங்க? அரசாங்கக் கச்சேரி முழுக்க மச்சான்மாரை நிரப்பி வைச்ச குடும்பங்கள் எங்கட ஊரிலயே இருக்கு. நாங்கள் அப்பிடி இல்லை. அவ்வளவுதான்."

எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. கழுத்துப்பட்டி வேறு இறுக்கியது. "எங்கட ஊரில சொந்த பந்தத்துக்குச் செய்யாதவனை மனிசன் எண்டு சொல்லமாட்டினம்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்களுக்கு ஒரு பிள்ளை இருந்திருந்தா இப்பிடிக் கதைக்கமாட்டியள்" என்றும் சொன்னேன்.

அவர் எழுந்து போய்க் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினார். கணவர்தான் தொப்பியை எடுத்துக்கொண்டு, ஸ்ரேஷன் வரை வருகிறேன் என்றார்.

 பாதி வழியில், முன்னால் பார்த்தபடியே சொன்னார். தன் மனைவிக்கு ஒரு மகன் இருந்தான். முதல் கணவருக்குப் பிறந்தவன். அந்தக் கணவர் முன்பே இறந்துவிட்டார். வியட்நாமுக்குப் போக மகனுக்குக் கட்டாயச் சேவை அழைப்பு வந்தபோது அவனுடைய தாத்தா செனட்டர் பதவியில் இருந்தார். அந்த ஊரில் பெரிய இடத்துப் பிள்ளைகள் பலருக்கு, போருக்கு அனுப்பாத உள்ளூர்க் காவற்படையில் இடம் கிடைத்தது. ஒரு தொலைபேசி அழைப்பு போதும். தாய் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு முழு நாள் இருந்தாராம். எடுக்கவில்லை. எடுக்க வேண்டாம் என்று மகனும் சொல்லியிருந்தான். தன்னுடைய இடத்துக்கு இன்னொருத்தியின் பிள்ளை போவான் என்று. செனட்டரும் தானாக யாரிடமும் கேட்கவில்லை. போரின் நடுவில் அவனுக்கு ஒரு வார விடுப்புக் கிடைத்தது. சிட்னிக்கு வந்தான். 'அம்மா, இந்தக் கடலை நீங்கள் பார்க்க வேண்டும்' என்று தபாலட்டை போட்டான். அது போய்ச் சேர்ந்தபோது அவன் உயிரோடு இல்லை.

"அந்தக் கடலைப் பாக்கத்தான் வந்தவ. திரும்பிப் போகேல்லை" என்றார் கணவர். என் தோளில் ஒருதரம் கையை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

ரயிலில் என் முகத்தை என்னாலேயே கண்ணாடியில் பார்க்க முடியவில்லை. நான் சொன்ன சொல்லைத் திருப்பி விழுங்க ஏதாவது வழி இருந்தால் என் கையையே வெட்டிக் கொடுத்திருப்பேன். எங்கள் வீடாக இருந்தால் என்ன நடந்திருக்கும் என்றும் யோசித்தேன். பெரியப்பா என்னைப் போர் முடியும்வரை ஏதாவதொரு கந்தோர்க் கதிரையில் கட்டிப் போட்டிருப்பார். நாங்களும் அவரைத் தெய்வமென்று கும்பிட்டிருப்போம். அந்தக் குடும்பம் செய்தது சரியா என்று எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் முழுதாகத் தெரியாது. ஆனால் தங்களுக்கென்று ஒரு சட்டம் போட்டு, அதைத் தங்கள் வீட்டுப் பிள்ளையின் உயிர் வரைக்கும் கொண்டுபோன அதிகாரக் குடும்பம் ஒன்று உலகத்தில் இருந்தது என்பதை அன்றுதான் அறிந்தேன். இதை எழுதும்போதும் எனக்குப் பிரமிப்பாகத்தான் இருக்கிறது.

திங்கட்கிழமை கன்ரீன் பக்கம் போகாமல், காற்று இயந்திரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்து, மதியத்துக்குக் கொண்டுவந்த பாணைக் கடித்துக்கொண்டிருந்தேன். தேநீர்க் கோப்பையோடு அவரே தேடிக்கொண்டு வந்துவிட்டார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். கையால் தடுத்தார்.

"அடுத்த சனி என்ன செய்யிறீர்?"

"ஒண்டுமில்லை."

"இந்தத் தொகுதி எம்.பி. சனிக்கிழமைகளில கடைத்தெரு அறையில இருந்து ஆக்களைச் சந்திக்கிறவர். போய்ப் பாத்தனீரோ?"

போகவில்லை. போகலாம் என்றே எனக்குத் தோன்றியதில்லை. அவருக்கு நான் சொந்தமுமில்லை, தெரிந்தவனுமில்லை. "எனக்கு இஞ்ச வாக்குமில்லையே" என்றேன்.

"எனக்கும்தான் இல்லை. ரெண்டு பேரும் போவம்."

அந்தச் சனிக்கிழமை பழத்தட்டம் இல்லை. கழுத்துப்பட்டி மட்டும் கட்டியிருந்தேன். ஒரு துணிக்கடைக்கும் இறைச்சிக்கடைக்கும் நடுவில் ஒடுங்கிய அறை. சுவரோரம் ஆறு கதிரைகள். எங்களுக்கு முன்னால் பஸ் தரிப்பிடத்தைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள் என்று கோபத்தோடு ஒரு கிழவி. தாயின் பென்சன் கடிதத்தோடு ஓர் இத்தாலிக்காரர். கன்ரீன் பெண்மணி நல்ல கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கையுறையைக் கழற்றினார், போட்டார், பிறகு இரண்டையும் சேர்த்து முறுக்கத் தொடங்கினார். பயந்துபோயிருக்கிறார் என்று எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது.

"இந்தப் பக்கத்துக் கதிரையில நான் ஒருநாளும் இருந்ததில்லை" என்றார் மெதுவாக. "சின்னனில வெய்யில் காலத்தில அப்பாவைப் பாக்க வாற, வயல் செய்யிற கமக்காரருக்கு நான்தான் தேசிக்காய்த் தண்ணி கொண்டுபோய்க் குடுக்கிறனான். எல்லாரும் தொப்பியைக் கையில வைச்சுச் சுத்திக்கொண்டே இருப்பினம். ஏன் சுத்தினவை எண்டு இப்பதான் தெரியுது."

எம்.பி. களைத்துப்போன மனிதர். மேசையில் பாதி தின்ற இறைச்சிப் பலகாரம் ஒன்று இருந்தது. என்னைப் பார்த்துவிட்டு, என்னோடு வந்தவரைப் பார்த்தார். நீங்கள் யார் என்று கேட்டார். என் நாக்கு எனக்கு அடங்காது. "இவ ஆர் எண்டு தெரியுமோ..." என்று தொடங்கினேன். மேசைக்குக் கீழே என் காலில் சப்பாத்துக் குதி ஒன்று அழுத்தமாக இறங்கியது.

"நான் இவர் வேலை செய்யிற இடத்தில தேத்தண்ணி ஊத்திறனான்" என்றார் அவர்.

பிறகு அவரே பேசினார். மனு, கருணைக் கடல் ஒன்றும் இல்லை. "இவரின்ரை பிள்ளை தகப்பனை மாமா எண்டு சொல்லுது. ஒண்டரை வருசமாச்சு. கோப்பில எங்க தடங்கல் எண்டு மட்டும் பாத்துச் சொல்லுங்கோ. சலுகை ஒண்டும் வேண்டாம்." எம்.பி. குறித்துக்கொண்டார். இலக்கத்தைக் கேட்டார். கையைக் குலுக்கினார். வெளியே வந்தோம். இவ்வளவு சாதாரணமாக முடிந்ததால் காரியம் நடக்காது என்றே நினைத்தேன்.

இரண்டு கிழமையில் பதில் வந்தது. பத்து மாதத்துக்கு முன்பே, இரண்டாவது எக்ஸ்ரே ஒன்று எடுத்து அனுப்பும்படி என் மனைவிக்கு ஊர் விலாசத்துக்குக் கடிதம் போயிருக்கிறது. பதில் வராததால் கோப்பு அப்படியே நிற்கிறது. வேறு தடங்கல் எதுவும் இல்லை.

மனைவிக்கு எழுதிக் கேட்டேன். அவள் அந்தக் கடிதத்தைக் கண்ணாலும் கண்டிருக்கவில்லை. மாமனார் வாங்கியிருக்கிறார். வெள்ளைக்கார அரசாங்கத்தின் முத்திரையைக் கண்டதும், இது பெரிய இடத்து அலுவல், ஆளைப் பிடித்துத்தான் முடிக்க வேண்டும் என்று நேரே என் பெரியப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். பெரியப்பா அப்போது தேர்தலில் தோற்று வீட்டில் இருந்தார். எங்கள் ஆட்கள் மறுபடி வரட்டும், ஒரு வார்த்தை சொல்லி முடித்துத் தருகிறேன் என்று வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறார். எக்ஸ்ரே எடுக்கிற ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம்.

யாரைக் கோபிப்பது? மாமனாரின் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். இங்கே வந்து வாழைப்பழச் சீப்போடு அலைந்ததும் அதே கதைதானே. ஊர் அண்ணைக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "ஆனாலும் அமெரிக்காவுக்கு எழுதியிருந்தா இன்னும் கெதியா முடிஞ்சிருக்கும்" என்றார். அவரைத் திருத்த முடியாது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். பழைய தழும்புதான், நோய் இல்லை என்று வந்தது. விசாவும் வந்தது.

விமான நிலையத்துக்குத் தன் வான் வண்டியில் கூட்டிக்கொண்டு போனவர் கன்ரீன் பெண்மணியின் கணவர்தான். பெண்மணியும் கூட வந்தார். ஆனால் கூட்டத்தோடு முன்னுக்கு வராமல் பின்னால் ஒரு தூணோடு நின்றுகொண்டார். மனைவி மெலிந்திருந்தாள். மகள் அவளுடைய சேலைக்குப் பின்னால் ஒளிந்து, எட்டிப் பார்த்து, "மாமா" என்றாள். "மாமா இல்லையம்மா, அப்பா" என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கம் பார்க்காமல் அழுதேன்.

மகளைத் தூக்கிக்கொண்டு தூணடிக்குப் போனேன். செனட்டரின் மகள் என்று கடிதத்தில் எழுதியிருந்ததால் மனைவி சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு அவரைக் கும்பிட்டாள். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை; பதிலுக்குத் தானும் கும்பிட்டார். மகளின் காலில் சப்பாத்து கழன்று தொங்கியது. அதைச் சரிசெய்து, வாரைப் பூட்டிவிட்டு, காலைக் கையில் பிடித்தபடியே என்னிடம் கேட்டார்.

"அண்டைக்கு அந்த எம்.பி.யின்ரை அறையில எவ்வளவு நேரம் இருந்திருப்பம்?"

"பத்து நிமிசம் இருக்கும்" என்றேன்.

"பத்து நிமிசம்" என்றார். மகளின் முகத்தைப் பார்த்தார். "அப்பாவிட்டைப் போனில கேக்கிறதுக்கும் அவ்வளவு நேரம்தான் எடுத்திருக்கும், என்ன?"

 மகளை அவர் கையில் கொடுத்தேன். வான் நிறுத்தியிருந்த இடம் வரைக்கும் அவர்தான் அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.